எந்த அம்மணிங்க?

கோவையில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக வேலை பார்க்கிறேன். நிருபர்கள் அனுப்பும் செய்தியைத் திருத்தி, தலைப்பு வைத்து, பக்கத்தில் இடம் பார்த்து உட்கார வைப்பது என் வேலை. மாவட்டச் செய்திப் பக்கம் வெகுகாலம் என் கையில் இருந்தது. ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருக்கும்போது செய்தி ஆசிரியர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். பழைய பேப்பர்களை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்கள், அதை நீங்கள் பார்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றார். அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று எனக்குப் புரிந்தது. வெப்சைட்டுக்கு வந்திருக்கும் பிள்ளைகள், நான் ஒரு தலைப்பு யோசிப்பதற்குள் நான்கைந்து செய்திகளைப் போட்டு முடித்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம், "என்னையப் பழைய பேப்பர்கிட்ட அனுப்பிப்போட்டாங்க" என்றேன்.

"எடைக்குப் போடாம விட்டாங்களே, அதுவரைக்கும் சரி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்கேன் செய்ய ஒரு கம்பெனியை அமர்த்தியிருந்தார்கள். ஒவ்வொரு செய்தியையும் படித்து ஊர், விஷயம், ஆள் என்று சில சொற்களை அதன்கீழ் நான் தட்டிவைக்க வேண்டும். பிற்பாடு யாராவது தேடினால் கிடைக்க வேண்டும் என்பதற்காக. மாடியில் தனி அறை, ஒரு ஃபேன், ஒரு கம்ப்யூட்டர். முதல் சில வாரங்கள் கடனே என்று செய்தேன். பிறகு ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது.

அம்மணி.

எங்கள் பக்கத்தில் இது ஒரு சொல்லே இல்லை என்று சொல்லும் அளவுக்குச் சாதாரணம். மகளையும் அம்மணி என்பார்கள், மருமகளையும் அம்மணி என்பார்கள், பஸ்ஸில் இடம் கேட்கிற முன்பின் தெரியாத பெண்ணையும் அம்மணி என்பார்கள். அதையே பெயராக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அதனால் பழைய பேப்பரில் அது வந்தபோது நான் ஒன்றும் நினைக்கவில்லை. அந்தியூர் சந்தைச் செய்தி ஒன்றில், குதிரை பார்க்க வந்த தாய் ஒருத்தி, "கிட்டக்கப் போவாத அம்மணி, ஒதைச்சுப்போடும்" என்று மகளை இழுத்துப் பிடித்ததை நிருபர் அப்படியே எழுதியிருந்தார். வால்பாறை மலைப்பாதையில் பஸ் நின்றுபோனபோது, அம்மணி என்ற தோட்டத் தொழிலாளி குழந்தைகளை எல்லாம் இறக்கிப் பாட்டுப் பாடவைத்தாராம். இரங்கல் விளம்பரங்களில் அம்மணியம்மாள்கள் வரிசையாக இருந்தார்கள். கம்ப்யூட்டருக்கே பழகிவிட்டது. 'அம்' என்று தட்டினால் போதும், மீதியை அதுவே போட்டுக்கொள்ளும்.

ஆனால் பெரியநாயக்கன்பாளையத்துச் செய்திகளில் வந்த அம்மணி வேறு மாதிரி இருந்தாள்.

முதலில் பார்த்தது குடிநீர்ச் செய்தி. மேட்டுப்பாளையம் ரோட்டில் காலிக் குடங்களோடு பெண்கள் மறியல், அம்மணி என்பவர் தலைமையில். அடுத்து, மினி பஸ் தங்கள் வீதிக்குள் வராமல் மெயின் ரோட்டோடு போய்விடுகிறது என்று அதை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். "டிரைவருக்கு எங்க வீதி எங்க இருக்குதுன்னு தெரியாதாமா. எறங்கி வரட்டும், நாங்க காட்டறோம்" என்று அம்மணி சொன்னதாக இருந்தது. பிறகு, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த மதுக்கடை. பிறகு, அதே பள்ளியில் பிளஸ் டூ வரை வகுப்பு வேண்டும் என்று மனு. எல்லாவற்றிலும் அம்மணி இருந்தாள். இவற்றில் பலவற்றை நானே திருத்தியிருப்பேன், அப்போது கவனித்ததில்லை. வாயைத் திறந்தால் ஒரு வரி மனதில் நிற்கிற மாதிரி பேசினாள்.

அடுத்தடுத்த மாதப் பேப்பர்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. பஸ் வீதிக்குள் வந்தது. கடை வேறு இடத்துக்குப் போனது. பிளஸ் டூ வகுப்பு தொடங்கிய செய்தி ஒரு மூலையில் சின்னதாக வந்திருந்தது. அதைப் பார்த்த அன்றைக்கு அந்த அறையில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

ஒன்று மட்டும் இடித்தது. முதல் செய்தியில் அம்மணிக்கு வயது முப்பத்தைந்து. பஸ் செய்தியில் இருபத்தொன்பது. மதுக்கடைச் செய்தியில் ஐம்பது. எங்கள் நிருபர்கள் வயதைக் கண்ணால் பார்த்தே எழுதிவிடுகிற ஆட்கள்தான். அந்தக் கவனக்குறைவு என்றே நினைத்துக்கொண்டேன்.

மகளிர் தினத்துக்குச் சிறப்புப் பக்கம் போடுவது வழக்கம். செய்தி ஆசிரியரிடம் போய், "இந்தம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு கண்டுபிடிச்சு எழுதட்டுங்களா?" என்று கேட்டேன்.

"நீங்களா?" என்று நிமிர்ந்து பார்த்தார். டெஸ்க்கில் இருப்பவர்கள் வெளியே போய் எழுதுவது எங்கள் ஆபீஸில் வழக்கமில்லை. "சரி, ஆள் கிடைச்சா, போட்டோவோட அரைப் பக்கம்" என்றார்.

காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். இத்தனை வருட வேலையில் செய்திக்காக நான் ஏறிய முதல் பஸ் அது.

பெரியநாயக்கன்பாளையத்தில் இறங்கி உள்ளே நடந்தால் வீட்டுக்கு ஒரு பட்டறை. லேத் ஓடுகிற சத்தம், இரும்புத்தூள் வாசனை. செய்தியில் இருந்த வீதியை விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். வீதி முனையில் வீட்டு முன்னாலேயே இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்தார் ஒரு பெண். ஐம்பது தாண்டியிருக்கும், கணீரென்ற குரல்.

"ஏனுங்க, அம்மணிங்கறவங்க ஊடு எதுங்க?" என்று கேட்டேன்.

"எந்த அம்மணிங்க?"

"தண்ணிக்கு மறியல் பண்ணுனாங்களே, மினி பஸ்ஸை நிறுத்துனாங்களே, அவங்கங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஆருங்க? போலீஸுங்களா?"

"பேப்பருங்க."

அவ்வளவுதான். சிரித்த சிரிப்பில் கரண்டி மாவுக்குள் விழுந்துவிட்டது. எதிர்வீட்டைப் பார்த்துக் கூப்பாடு போட்டார். "அக்கா, வெளிய வாங்க! அம்மணியத் தேடிட்டுப் பேப்பர்ல இருந்தே வந்துட்டாங்க!"

எதிர்வீட்டில் முன்னறையே பட்டறை. மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற வேலை. செப்புக் கம்பியைக் கையில் பிடித்தபடியே ஓர் அம்மா வெளியே வந்தார். என்னை உள்ளே உட்காரவைத்து, காபி கொடுத்து, நான் கொண்டுபோயிருந்த பழைய செய்திகளின் நகல்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். மாவு விற்கிறவரும் கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இது நானுங்க" என்றார் காயில் சுற்றுகிற அம்மா, குடிநீர்ச் செய்தியைத் தொட்டு. பஸ் செய்தியை எடுத்து, "இது இவ." மாவு விற்கிறவர் தலையாட்டினார். மதுக்கடைச் செய்தியைப் பார்த்து, "இது மூணாவது ஊட்டு அக்கா, இப்ப இல்லீங்க, போய்ச் சேந்துட்டாங்க. பள்ளிக்கூடத்து மனு எழுதுனது அந்தக் கடேசி ஊட்டுல இருக்கறாங்க, மாதா கோயில்ல பாட்டுக் குழுவுல பாடறவங்க."

நான் நகல்களை வாங்கி அந்த வயதுகளை மறுபடியும் பார்த்தேன். "அப்ப அம்மணிங்கறது?"

"அப்படி ஆருமே இல்லீங்க."

பிறகு அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். முதல் மறியல் அன்றைக்குக் குடத்தோடு அவர்தான் முன்னால் நின்றிருக்கிறார். நிருபர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து, "உங்க பேர் என்னங்க?" என்று கேட்டதும் இவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாமனார் தோட்டம் துரவு என்று வாழ்ந்தவர், எங்கள் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். வீட்டுப் பெண்ணின் பெயர் பேப்பரில், அதுவும் ரோட்டை மறித்தாள் என்று வந்தால், சொந்தபந்தம், ஒறம்பரை முகத்தில் முழிக்க முடியாது என்பார். இவர் வாயடைத்து நிற்க, பின்னாலிருந்து ஒரு குரல்.

"'அம்மணி, கொடத்த உட்டுப்போடாத, புடி!'ன்னு அவசரத்துல அக்காங்கறத மறந்து நாந்தானுங்க கத்துனேன்" என்றார் மாவு விற்கிறவர். "வால்பாறைல தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்து வளந்தவ நானு. மழையில ஒருத்தருக்கொருத்தர் கூப்பிட்டுப் பழகுன தொண்டைங்க."

நிருபர் அதைக் கேட்டு அம்மணி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் மாமனார் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் படித்தாராம். "அம்மணியாமா ஒருத்தி. நம்மூர் ஆம்பளைக ஒருத்தனும் வாயத் தொறக்கல, இவ எந்திரிச்சுக் கேட்டிருக்கறா பாரு! ஆரூட்டுப் பொண்ணுன்னு தெரியல." காபி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்த மருமகள் அதை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவரும் இவரை அம்மணி என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்குச் சாயங்காலமே வீதியில் பேசி முடிவெடுத்தார்கள். இனிமேல் யார் முன்னால் நின்று பேசினாலும் பெயர் அம்மணிதான். யாருடைய மாமனாரும், கணவரும், அண்ணனும் கேள்வி கேட்க முடியாது. பேசத் தெரிந்தவர் பேச வேண்டியதுதான்.

"போலீஸ் வந்ததைச் சொல்லுங்கக்கா" என்றார் மாவு விற்கிறவர்.

மதுக்கடை மறியல் முடிந்த பிறகு, அம்மணியை ஸ்டேஷனுக்குக் கூட்டிவரச் சொல்லி ஒரு போலீஸ்காரரை அனுப்பினார்களாம். அவர் முதல் வீட்டுக் கதவைத் தட்டி, "இங்க அம்மணிங்கறது ஆரு?" என்று கேட்க, "நாந்தானுங்க" என்று உள்ளேயிருந்து பதில். அதற்குள் எதிர்வீட்டிலிருந்து ஒரு மாமியார், "அம்மணி, அடுப்புல பால் பொங்குது பாரு!" என்று கத்த, இரண்டு வீட்டு மருமகள்கள் உள்ளே ஓடியிருக்கிறார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. போலீஸ்காரரும் இந்தப் பக்கத்து ஆள்தான். "எங்கூட்டுலயும் ஒரு அம்மணி இருக்குதுங்க. எத்தனை பேர்த்தக் கூட்டிட்டுப் போறது?" என்று சிரித்துவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

"உங்க மாமனாருக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுங்களா?" என்று கேட்டேன்.

காயில் சுற்றுகிற அம்மா நகல்களை அடுக்கி வைத்தார். அப்புறம் சொன்னார். "கடேசில அவருக்குக் கண்ணு தெரியிலீங்க. பேப்பர நாந்தான் படிச்சுக் காட்டுவேன். ஒரு நாள் நடுவால நிறுத்தச் சொல்லிப்போட்டு, 'ஏன் அம்மணி, இப்பெல்லாம் அம்மணி செய்தி ஒண்ணையும் காணமே? ரோட்டுல அந்தப் பள்ளம் அப்படியேதான கெடக்குது?'ன்னாரு. பேப்பரக் கீழ வெச்சனுங்க. மொகத்தப் பாத்தா, சிரிச்சுட்டு இருக்கறாரு."

"அப்பறம்?"

"அப்பறம் என்னங்க? அடுத்த வாரம் போயி அந்தப் பள்ளத்துல உக்காந்துட்டோம்."

அந்தச் செய்தியும் என்னிடம் இருந்தது. பள்ளம் மூடப்பட்டுவிட்டது என்ற செய்தியும் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இதை எல்லாம் உண்மைப் பெயர்களோடு எழுத வேண்டும் என்று சொன்னேன். அன்று சாயங்காலம் எல்லோரையும் வரவழைத்தார்கள். வேலை விட்டு வந்தவர்கள் அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு சூடாகவே நடந்தது. சிலருக்கு உடனே சம்மதம். "ஆர் இருக்கறா இனிக் கேக்கறதுக்கு?" என்றார் ஒருவர். காயில் சுற்றுகிற அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "போட்டா அல்லார் பேரும் போடோணுமுங்க. போய்ச் சேந்தவங்க பேரும். இல்லாட்டி ஒருத்தர் பேரும் வேண்டாமுங்க."

பாட்டுக் குழு அம்மாதான் தயங்கினார். பள்ளிக்கூடத்துக்கு மனு எழுதியவர். மெல்லிய குரல். "பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கறமுங்க. ஒரு எடம் தகைஞ்சு வருது. இந்த நேரத்துல பேப்பர்ல ரோட்டு மறியல்னு என்ற பேரு வந்தா, அவங்க என்ன நெனைப்பாங்களோ. என்னைய உட்டுருங்க."

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் வேண்டாம் என்றால் எல்லோருக்கும் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. நான் எழுதியதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

ஆபீஸில் வேறு தொல்லை. செய்தி ஆசிரியருக்குக் கதை பிடித்துவிட்டது. "பிரமாதம்! அந்த முதல் அம்மணி பேரையும் போட்டோவையும் போட்டுருவோம். மத்தவங்களை 'உள்ளிட்ட பலர்'னு முடிச்சுருங்க."

எத்தனையோ வருடங்களாக நானே ஒவ்வொரு செய்தியிலும் தட்டிவந்த சொல் அது. இடமில்லை என்றால் பெயர்களை வெட்டிவிட்டுப் 'பலர்' என்று போடுவோம். யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "சார், எல்லாருமே சம்மதிக்கோணும். சம்மதிச்சா எல்லார் பேரும் வரோணும். 'பலர்'னு போடறதா இருந்தா இந்தக் கட்டுரையே வேண்டாங்க" என்றேன்.

"எடம் எங்க இருக்கு?"

"நான் எழுதுனதுல வெட்டுங்க. எங்க வேணாலும் வெட்டுங்க. பேர்ல மட்டும் கை வைக்காதீங்க."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து, நான் ஆசை ஆசையாக எழுதியிருந்த முதல் பாராவை அப்படியே அடித்தார். "இப்ப வரும்" என்றார்.

பக்கம் அச்சுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. பாட்டுக் குழு அம்மாவிடமிருந்து தகவல் இல்லை. வேறு ஒரு சமையல் குறிப்பை அந்த இடத்துக்குத் தயாராக வைத்திருந்தார்கள். மத்தியானம் தாண்டி என் போன் அடித்தது.

"ஏனுங்க, பக்கம் போயிருச்சுங்களா?" அதே மெல்லிய குரல், ஆனால் மூச்சு வாங்கியது.

"இன்னும் இல்லீங்க, சொல்லுங்க."

"என்ற பேரையும் போட்டுருங்க. பையங்கிட்டச் சொன்னனுங்க. 'அம்மா, நீங்க அல்லாரும் ரோட்டுல உக்காந்ததுனாலதான ஊட்டு முன்னால பஸ் வந்துச்சு, நான் காலேஜ் போனேன்'னான். 'இதைப் படிச்சுட்டுப் பொண்ணு குடுக்கமாட்டேன்னா, அந்த ஊட்டுல எனக்குப் பொண்ணே வேண்டாம்'னு சொல்லிப்போட்டானுங்க. எழுதிக்கிறீங்களா? எழுத்து எழுத்தாச் சொல்றேன்."

நீளமான பெயர். ஞானஸ்நானப் பெயர், தந்தை பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் சேர்த்துச் சொன்னார். நான் எழுதி வாங்கிக்கொண்டு ஓடினேன். சமையல் குறிப்பு வெளியே போனது. அம்மணிகள் உள்ளே வந்தார்கள்.

வெளிவந்த அன்று காலையில் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் பஸ் பிடித்துப் போனேன். மெயின் ரோட்டுப் பேப்பர் கடையில் எங்கள் பேப்பர் ஒன்றுகூட மிச்சமில்லை. வீதிக்குள் நுழையும்போதே மாவு விற்கிறவரின் குரல் கேட்டது. பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, வால்பாறை மலைக்கே கேட்கும்படி ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தார். படிக்கப் படிக்க அந்தந்த வீட்டு வாசலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பட்டறை ஆட்கள் லேத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். போய்ச் சேர்ந்த மூன்றாவது வீட்டு அக்காவின் பெயர் வந்தபோது அவர் மகள் அழுதார், பிறகு அந்தப் பக்கத்தைத் தனக்கு இன்னொன்று வேண்டும் என்று கேட்டார். காயில் சுற்றுகிற அம்மாவின் கணவர் பேப்பரை நான்காக மடித்து, கட்டுரை மேலே தெரியும்படி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்தார்.

நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தபோது பாட்டுக் குழு அம்மா வந்தார். மெல்லிய குரலெல்லாம் எங்கோ போயிருந்தது.

"என்னங்க இது! என்ற பேர்ல நடுவால ஒரு எழுத்தக் காணமே! இது ஆரு பேருங்க? இப்படி ஒருத்தி இந்த வீதியிலயே இல்லீங்களே!"

பார்த்தேன். உண்மைதான். அவசரத்தில் ஓர் எழுத்து விழுந்து, அந்த அழகான நீளப் பெயர் வேறு யாருடைய பெயராகவோ ஆகியிருந்தது. பெயரே வேண்டாம் என்று கும்பிட்டவர், இப்போது ஓர் எழுத்துக்காக என்னை வீதி நடுவில் நிறுத்திச் சண்டை போட்டார். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமான திட்டு அதற்குமுன் கிடைத்ததில்லை. நாளைக்கே சரியாகப் போட்டுவிடுகிறோம் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தேன்.

மறுநாள் 'திருத்தம்' என்று தலைப்பிட்டுக் கட்டம் கட்டி, அவர் பெயரை முழுசாகப் போட்டோம், கொஞ்சம் பெரிய எழுத்தில். நானே இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

இந்த இடத்தில் அந்தப் பெயர்களை எல்லாம் எழுத ஆசைதான். பேப்பருக்குத்தான் அவர்களிடம் சம்மதம் கேட்டேன், இதற்குக் கேட்கவில்லை. ஆகவே விட்டுவிடுகிறேன்.

திருத்தம் வந்த அன்று பாட்டுக் குழு அம்மா போன் செய்தார். பெண் வீட்டார் இரண்டு நாளும் பேப்பர் பார்த்தார்களாம். பெண்ணே போன் செய்து, "அத்தை, அந்த மனுவுல என்ன எழுதுனீங்க?" என்று கேட்டாளாம். வருகிற ஞாயிறு பூசை முடிந்து நிச்சயம் பேச வருகிறார்கள், நீங்களும் கட்டாயம் வந்துவிட வேண்டும் என்றார்.

போனை வைத்த கையோடு அடுத்த அழைப்பு. மாவு விற்கிறவர்.

"ஏனுங்க, இது நாயமுங்களா? எங்களுக்கெல்லாம் ஒரு நாள்தான் வந்துச்சு. அந்தக்காளுக்கு மட்டும் ரெண்டு நாள் பேரு வந்திருக்குது, அதும் கட்டம் கட்டி! என்ற பேர்லயும் ஒரு எழுத்த உட்டிருக்கக் கூடாதுங்களா?"